கதவு மூலையில் மாப்பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி அணில் எழுதுகிறேன். உடம்பு மட்டில் நாங்கள் மூவரும் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? கோர்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அத்தான் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறார் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு உன் தம்பி பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாப்பாவுக்கு மேலே இரண்டு பல் முளைத்திருக்கிறது. கிடைத்ததையெல்லாம் கடித்துப் பார்க்கிறாள். என் மூக்கும் தப்பவில்லை. அவள் அம்மாவுக்கு பாக்டரியில் பாக்கிங் பிரிவில் பகல் வேலை, எனக்கு மாலை வேலை. அவள் உள்ளே வரும்போது நான் வெளியே போகிறேன். பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ளும் நேரத்தில் வாசற்படியில் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் குடித்தனம். என் வேலை அதேதான். பாட்டில்கள் வரிசையாக விளக்குக்கு முன்னால் ஓடும், விரிசல் இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று கண் சிமிட்டும் நேரத்தில் பார்த்துக் கெட்டதைத் தள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் கண் தப்பு பண்ணவில்லை. மற்றதெல்லாம் தப்பு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் குவார்ட்டர்ஸில் திருடர்கள் புகுந்திருக்கிறார்கள், அதுவும் பட்டப்பகலில். முதலில் காலியாக இருந்த வீடுகளில்தான் கை வைத்தார்கள். போன வாரம் ஸ்டோர் கீப்பர் வீட்டில் அவர் மனைவி தனியாக இருந்திருக்கிறார். முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் உள்ளே வந்து, அவரை நாற்காலியில் கட்டி, வாயில் துணியை அடைத்துவிட்டு, வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போகிற போக்கில் ஒருத்தன் முகத்தில் ஓங்கி அறைந்திருக்கிறான். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். எங்களை அடையாளம் தெரிந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. ஊர் வம்பையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லுகிற மனுஷி, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பூட்டுகளின் லட்சணம் உனக்குத் தெரியாது. கம்பெனி இந்த வீடுகளைக் கட்டியபோது மொத்தமாக வாங்கிப் போட்டவை, உள்பக்கம் தாழ்ப்பாளும் கிடையாது. எந்த வீட்டுச் சாவியும் எந்த வீட்டையும் திறக்கும், கொஞ்சம் தூக்கித் திருப்பினால் போதும். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதான். இதுவரை அது எங்களுக்கு வசதி. சாவியை மறந்தவன் பக்கத்து வீட்டில் வாங்கித் திறந்துகொள்வான். வீடுகளும் அச்சில் வார்த்தவைதான். எல்லாவற்றுக்கும் அதே பச்சைக் கதவு, அதே இரண்டு படி. கல்யாணமான புதிதில் உன் தம்பி பெண்டாட்டி ஒரு நாள் அடுத்த வரிசை வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பில் பொங்கி வழிந்ததை இறக்கி வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் இது நம்ம பாத்திரம் இல்லையே என்று யோசித்தாளாம். அந்த வீட்டுக்காரி இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. பூட்டை மாற்றித் தாருங்கள் என்று கம்பெனியிடம் கேட்டிருக்கிறோம். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். செக்ரட்டரி எழுந்து, “வாசப்படிய தாண்டிட்டான்னா அடி. யாரு எவருன்னு அப்பறம் கேட்டுக்கலாம்” என்று முழங்கினார். பலமான கைதட்டல். டிஸ்பென்சரி நர்ஸம்மா மட்டும் கை தூக்கி, “எப்ப அடிக்கலாம்னு ஆளாளுக்கு சொல்றீங்க. எப்ப நிறுத்தணும்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்” என்று கேட்டார். திருடனுக்கு மருந்து போட்டு அனுப்பச் சொல்லுவீங்க போல என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெல்டர், வீட்டுக்கு ஒன்றாகக் கம்பி அடித்துக் கொடுத்தார். முழம் நீளத்துக்கு மேல் கனமான இரும்பு, ஒரு முனையில் குமிழ், பிடிக்கிற இடத்தில் சைக்கிள் ட்யூப். என் முறை வந்தபோது செக்ரட்டரி, “இவருக்கு கம்பி எதுக்கு, ஒரு விசில் குடுத்தா போதும்” என்றார். கரப்பான்பூச்சிக்கே பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவன் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியுமே. வெல்டர்தான் விட்டுக்கொடுக்காமல், “வச்சுக்கப்பா, இதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு. ஒரு வேலையும் செய்யாது, மூலையில கம்பீரமா நிக்கும்” என்று கையில் திணித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாப்பிள்ளை கதவு மூலையில் நிற்கிறார்.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். பகலில் பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டுக் குளிக்கக்கூடப் பயமாக இருக்கிறது. குளியலறைக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, பாதிச் சோப்போடு ஓடி வந்து பார்க்கிறேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அது நம் வீட்டைத் தாண்டிப் போகும்வரை மூச்சு விடுவதில்லை. என்னைக் கட்டிப் போட்டால் கூடப் பரவாயில்லை அக்கா. பாப்பா அழுவாள். அழுகிற பிள்ளையின் வாயை அவர்கள் என்ன செய்து அடைப்பார்கள்?

அத்தானிடம் கேட்டு ஒரு விஷயம் எழுது. வீட்டுக்குள் புகுந்தவனை அடித்துவிட்டால் சட்டம் என்ன சொல்லும்? எவ்வளவு தூரம் போகலாம்? நான் யாரையும் அடித்துக் கிழிக்கப் போவதில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான். உன் உடம்பைப் பார்த்துக்கொள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கு.

பயத்தோடும் அன்போடும்,
உன் அணில்.

*

அன்புள்ள அக்கா,

முன் கடிதம் உனக்குக் கிடைத்ததோ இல்லையோ, அதற்குள் இதை எழுத வேண்டி வந்துவிட்டது. முதலில் சொல்லிவிடுகிறேன், பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே படி.

நான் ஒருவரை அடித்துவிட்டேன். அவர் திருடன் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை. பாப்பாவைப் பாயில் தூங்க வைத்துவிட்டு அவள் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். பூட்டில் சாவி நுழைகிற சத்தம். உன் தம்பி பெண்டாட்டி வருகிற நேரம் இல்லை அது. யாரு என்று கேட்டேன். பதில் இல்லை. சாவி ஒரு தடவை திணறிவிட்டு, மெல்லத் தூக்கி, திரும்பிற்று. தெரிந்தவன் திறக்கிற மாதிரியே திறந்தது. யாரு, யாரு என்று கத்தினேன். பாப்பா விழித்து வீறிட்டாள். அப்போதும் பதில் இல்லை. கதவு திறந்தது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய ஆள். மூக்குக்குக் கீழே துணி கட்டியிருந்தது, மேலே முகமெல்லாம் கரி, கையில் பை. என் தலைக்குள் ஸ்டோர் கீப்பர் வீட்டு நாற்காலிதான் வந்தது. அவன் கால் உள்ளே விழுந்ததும் நான் கம்பியை எடுத்துவிட்டேன்.

தோளில் ஒரு அடி. கீழே விழுந்தவருக்கு வாசற்படியில் தலை மோதிவிட்டது. இதைத்தான் போலீஸிலும் எழுதிக்கொண்டார்கள்.

அவர் கண்ணாடி உருக்கும் உலைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஆள். அடுத்த வரிசையில், எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால், அந்த வாரம்தான் குடிவந்திருந்தார்கள். இரவு முழுக்க உலையில் வெந்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் ஒரு வரிசை முன்னதாகவே திரும்பிவிட்டார். அதே பச்சைக் கதவு, அதே படி. சாவியும் திறந்துவிட்டது. வாயில் கட்டியிருந்தது சூட்டுக்கு அவர்கள் எல்லோரும் கட்டுகிற ஈரத்துணி, அவிழ்க்க மறந்திருக்கிறார். முன்பு வேறு பாக்டரியில் உலை இரைச்சலில் பல வருஷம் வேலை பார்த்து அவருக்குக் காது மந்தம். நான் கத்தியது எதுவுமே அவருக்குக் கேட்டிருக்காது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். இன்னும் நினைவு வரவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம், திறந்து எடுத்தார்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருக்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை. கால் வரவில்லை.

ஆனால் குவார்ட்டர்ஸில் என்னை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அக்கா. போலீஸ் அதிகாரி தட்டிக்கொடுத்து, “கைக்குழந்தையோட இருக்கிற மனுஷன், வேற என்ன பண்ணுவாரு?” என்றார். செக்ரட்டரி கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துத் தூக்கினார். உலைக்காரருக்கும் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி நிதி திரட்ட ஏற்பாடு செய்தார்கள். போலீஸ் கம்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெல்டர் வீடு தேடி வந்து, “பழைய மாப்பிள்ளை ஸ்டேஷன்ல இருக்காரு, அதனால புது மாப்பிள்ளை” என்று இன்னும் கொஞ்சம் நீளமாக ஒன்றை மூலையில் சாத்திவிட்டுப் போனார். நேற்று மின்சார மீட்டர் பார்க்க வந்தவனைப் பக்கத்து வரிசையில் நாலு பேர் கம்பியோடு துரத்தியிருக்கிறார்கள். அவன் செருப்பைப் போட்டது போட்டபடி விட்டு ஓடியிருக்கிறான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். பாப்பா கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் அழுவதில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். உன் தம்பி பெண்டாட்டி என்னைத் தூங்கச் சொல்கிறாள். கண்ணை மூடினால் கதவு திறக்கிறது.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொல். அவர் என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுது. அந்த மனுஷன் பிழைக்க வேண்டும் என்று எனக்காக வேண்டிக்கொள்.

உன் தம்பி.

*

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய், இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கிறது. அத்தான் தன் கையால் கீழே எழுதியிருந்ததைப் பல தடவை படித்தேன். உயிருக்கு ஆபத்து என்று மனசாரப் பயந்து அடித்தால் குற்றமில்லை, வந்தவன் உண்மையில் யார் என்பதுகூடப் பெரிதில்லை, அந்த நேரத்தில் உனக்கு என்ன தோன்றியது என்பதைத்தான் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். தைரியமாக இருக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குக் கீழே இன்னொரு வரி. பயம் எதுவரையோ உரிமையும் அதுவரைதான், ஆள் விழுந்து ஆபத்து நீங்கிவிட்டால் அதற்குமேல் விழுகிற அடிக்குச் சட்டம் துணைக்கு வராது, ஆனால் உன் விஷயத்தில் அது எழவில்லை.

அது எழுகிறது அக்கா.

உலைக்காரருக்கு நினைவு திரும்பிவிட்டது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வலது கையும் காலும் அசையவில்லை. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வருகிறது. எழுந்து நடப்பாரா என்றால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். அன்று காலையில் நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. பாக்டரி வாசலைத் தாண்டியதுதான் கடைசி ஞாபகமாம்.

போன வியாழக்கிழமை அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவு தட்டப்பட்டது, பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டாள், நான் மூலைக்குப் போய்விட்டேன். வெளியிலிருந்து மெலிந்த குரலில், “நான்தாங்க, பின்வரிசை வீடு” என்று கேட்ட பிறகுதான் திறந்தேன். உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் இல்லை, அவர் கேட்டார். “பச்சப் புள்ளையோட இருந்தீங்க, பயந்துதான் போயிருப்பீங்க. வீடு மாறி வந்தது அவரு தப்புதானே” என்றார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, அவருடைய சாப்பாட்டு டப்பா இங்கே கிடக்கிறதா என்று கேட்டார். வேறு எதில் கொடுத்தாலும் சாப்பிடமாட்டேன் என்கிறாராம். அந்த டப்பாவை நான் கழுவிப் பரண்மேல் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “புண்ணியமா போகும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இப்போது உன்னிடம் உள்ளதைச் சொல்லுகிறேன்.

முதல் அடி தோளில்தான் விழுந்தது. அது பயத்தில் விழுந்த அடி, அதற்கு நான் எந்தச் சாமி முன்னாலும் நிற்பேன். அந்த அடியில் அவர் தலை எங்கும் மோதவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். பை கவிழ்ந்து டப்பா உருண்டது. மூடி கழன்று, மிச்சச் சோறு தரையில் சிதறிற்று. வாயில் கட்டியிருந்த துணி கழுத்துக்கு இறங்கிவிட்டது. அவர் சுவரைப் பார்த்தார், கொடியில் காய்ந்த பாப்பாவின் துணியைப் பார்த்தார், “அய்யய்யோ” என்றார். வேறு பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று தெரிந்தவன் சொல்லுவானே, அந்த மாதிரி ஒரு அய்யய்யோ. பிறகு இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை என் பக்கம் காட்டினார்.

நான் டப்பாவைப் பார்த்தேன் அக்கா. திருடன் சோற்று டப்பாவோடு வரமாட்டான். அவர் பாக்டரி சட்டையைப் பார்த்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் பார்த்துச் சொல்லுவதுதான் என் பிழைப்பு. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு கம்பியைத் தூக்கினேன்.

ஏன் என்று உன்னையும் என்னையும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். உன்னைக் கேட்டது மனசுக்குள்தான். கோபம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது, ஆனால் கோபமில்லை. கை தானாகப் போயிற்று என்று எனக்காக வாதாட வந்திருக்கும் வக்கீல் சொல்லித்தருகிறார், அதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்து என் வயிற்றில் ஒரு நடுக்கம் இருக்கும், உனக்குத் தெரியும். இருட்டுக்கு, நாய்க்கு, வாத்தியாருக்கு, பிறகு சூப்பர்வைசருக்கு. அது இல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அந்த ஆள் கையைத் தூக்கிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்திருந்தபோது, அந்த நடுக்கம் நின்றுவிட்டது. துளிப் பயமில்லை. அவ்வளவு பெரிய ஆள், என்னைப் பார்த்துப் பயந்தார். எனக்கு லேசாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் அரைகுறையாகச் சொல்லி என்ன பயன்? நன்றாக இருந்தது. அந்த நன்றாக இருந்ததோடுதான் அவர் தலையில் அடித்தேன்.

அடித்த மறு நிமிஷமே பயம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இது பழைய பயம் இல்லை. முன்பெல்லாம் கதவுக்கு வெளியில் இருப்பதற்குப் பயந்தேன். இப்போது கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யவே பயமாக இருக்கிறது. பாப்பா பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். முதல் அடிவரை வீறிட்டுக் கத்தியவள், இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டாள். நான் திரும்பியபோது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விவரம் தெரியாத பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் கதவுச் சத்தத்துக்கு மூச்சைப் பிடிப்பதில்லை அக்கா. கதவு தட்டினால் நான் மூலைக்குப் போவேன் என்று பிடிக்கிறாள்.

போலீஸ் வழக்குப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அதற்குச் சங்கம் வைத்துக் கொடுத்தவர்தான் இந்த வக்கீல். கெட்டிக்காரர். அவருடைய வாதமே நான் பயந்தாங்கொள்ளி என்பதுதான். “உங்க பயம்தான் சார் நம்ம கேஸே. குவார்ட்டர்ஸ் மொத்தமும் சாட்சி சொல்லும்” என்று கையைத் தேய்த்துக்கொள்கிறார். கரப்பான்பூச்சி விஷயத்தைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார். வேண்டுமானால் உன்னையும் வரவழைக்கலாமாம், சின்ன வயதில் நான் எப்படி என்று கூண்டில் ஏறிச் சொல்ல. நீ வந்தால் உண்மையைத்தான் சொல்லுவாய். அது அத்தனையும் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கும். நான் பயப்படாத ஒரே ஒரு நேரத்தைத் தவிர மற்ற எல்லா நேரத்துக்கும் எனக்குச் சாட்சி இருக்கிறது.

நர்ஸம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். அன்று கூட்டத்தில் கேட்டதை அவர் மறுபடி கேட்கவில்லை. உலைக்காரரைப் பார்க்கப் போயிருந்தாராம். “தலையில இருக்கிறது படியில மோதின காயம் மாதிரி இல்ல” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுக் காய்கறிக்காரனிடம் திரும்பிக்கொண்டார். யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான் வாங்கப் போனதை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முந்தாநாள் உன் தம்பி பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு என் வாயைப் பொத்தினாள். “பேசாம இருங்க, யாருக்குத் தெரியும்? அவருக்கே ஞாபகம் இல்ல. உங்க வேலை போகும், இந்த வீடு போகும், நானும் புள்ளையும் எங்க போவோம்?” என்று அழுதாள். அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. கம்பெனி வீடு, வழக்கில் தண்டனை என்றால் மறுநாளே காலி செய்யச் சொல்லுவார்கள். சரி, சொல்லவில்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். அப்படியே முடிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் பாப்பா தூக்கத்தில் சிணுங்கினாள். தூக்கப் போனேன். நான் குனிவதற்குள் அவள் கை முந்திக்கொண்டு பிள்ளையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டது. அவளே அதை எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. “இல்லைங்க, சும்மாதான்” என்றாள். இரண்டு பேரும் விடியும்வரை படுக்கவில்லை. காலையில் அவளாகவே, “போய்ச் சொல்லிடுங்க. இப்படியே இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது” என்றாள்.

திங்கட்கிழமை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இரண்டு அடி என்று சொல்லப்போகிறேன். வக்கீலிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அவருக்கு மயக்கமே வந்துவிடும். செக்ரட்டரி என் முகத்தில் விழிக்கமாட்டார். உள்ளே வைத்தால் எத்தனை காலம் என்று அத்தானுக்குத்தான் தெரியும், அதை எனக்கு எழுத வேண்டாம். பயத்தில் கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். திங்கட்கிழமைவரை இந்த நடுக்கம் நிற்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

உலைக்காரர் மனைவியிடம் நாளைக்குப் போய் நான்தான் முதலில் சொல்லப்போகிறேன். கோர்ட்டில் இருந்து அவர் தெரிந்துகொள்ளக்கூடாது. அங்கே என்ன நடந்தாலும் நடக்கட்டும். மூலையில் இருந்ததை வெல்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருடர்கள் இன்னும் பிடிபடவில்லை, அதனால் அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் அவளையும் பாப்பாவையும் உன்னிடம் அனுப்புகிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி, நீயே ஸ்டேஷனுக்குப் போ. அவள் வாய்விட்டு எதுவும் கேட்கமாட்டாள், நீயாகப் பார்த்துச் சாப்பிட வை. பகலில் உன் வீட்டு வாசல் கதவைத் திறந்தே போட்டு வை. யார் வந்தாலும் பெயர் சொல்லிக்கொண்டு வரச் சொல். சத்தம் போட்டுச் சிரிக்கிறவர்கள் நாலு பேர் வந்து போனால் பாப்பாவுக்கு நல்லது.

நான் வருவதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். அப்பா எங்கே என்று கேட்பாள். ஊருக்குப் போயிருக்கிறார், வேலைக்குப் போயிருக்கிறார் என்று எதையாவது சொல்லி வைக்காதே. புரிகிற வயது வந்ததும் நடந்ததை நடந்தபடி நீயே சொல். வேறு யார் சொன்னாலும் அவள் என்னைப் பார்த்துப் பயப்படுவாள். நீ சொன்னால் பயப்படமாட்டாள். நான் திரும்பி வந்து கையை நீட்டும்போது அவள் பின்வாங்காமல் இருக்க வேண்டும் அக்கா. எனக்கு வேறு எதுவும் செய்ய வேண்டாம், இதை மட்டும் செய்து கொடு.

உன்னையும் அத்தானையும் விழுந்து கும்பிட்டு,
உன் தம்பி.